வரலாற்றுப் பாடமும் கணினியும் நம் கடமையும்

(பழையசீவரத்தில் நடைபெற்ற நம் சங்கத்தின் வெள்ளிவிழாக் கருத்தரங்கில் அரசுப் பள்ளித் தலைமையாசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)

 

வரலாற்றுப் பாடத்தில் கணினியின் பயன் பற்றிப் பேசுமாறு சங்கத்தினர் நம்மைப் பணித்துள்ளனர். நாம் கணினித் துறை அறிஞர் அல்லோம். கரும்பலகையும் சுண்ணக்கட்டியும் கொண்டு வரலாறு கற்பித்து வந்தோம். நாற்பது வயதைக் கடந்த பின்னரே, நம்மிடம் பயிலும் பிள்ளைகளின் அருகில் அமர்ந்து தட்டச்சுப் பழகினோம். ஆகவே இங்கு நாம் சொல்லப்போவது வகுப்பறையில் பட்டறிந்தது மட்டுமே.

முப்பது ஏடுகளில் ஒரே பிழை

முதலில் நம் தோல்வியைச் சொல்லிவிடுகிறோம். சில ஆண்டுகளுக்கு முன்பு உத்திரமேரூர்க் கல்வெட்டைப் பற்றி இணையத்தில் தேடிக் கட்டுரை எழுதி வருமாறு ஒன்பதாம் வகுப்பு மாணவர்களைப் பணித்தோம். மறுநாள் முப்பது ஏடுகள் நம் மேசைமீது வந்து சேர்ந்தன. முப்பதிலும் ஒரே சொற்கள், ஒரே வரிசை, ஒரே பிழை. "அக்காலத்தில் ஊர் மக்கள் அனைவரும் வாக்களித்துத் தலைவரைத் தேர்ந்தெடுத்தனர்" என்று அனைவரும் எழுதியிருந்தனர்.

உண்மை என்ன? முதலாம் பராந்தக சோழனின் ஆட்சியில் 919, 921 ஆகிய ஆண்டுகளில் பொறிக்கப்பெற்ற அக்கல்வெட்டுகள் குடவோலை முறையைத் தெளிவாக விளக்குகின்றன. ஊரை 30 குடும்புகளாகப் பிரித்தனர். தகுதியுடையோர் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் இட்டு, ஒரு சிறுவனைக் கொண்டு எடுக்கச் செய்தனர். ஏரி வாரியம், தோட்ட வாரியம் எனப் பணிகளைப் பகிர்ந்தனர். இவை யாவும் பெருமைக்குரியனவே. ஆயின் அந்த ஓலையில் யாருடைய பெயர் எழுதப்படலாம் என்பதையும் அதே கல்வெட்டு வரையறுக்கின்றது. வரி செலுத்தும் கால் வேலி நிலத்துக்கு மேல் உடையவராதல் வேண்டும். சொந்த மனையில் வீடு கட்டியிருத்தல் வேண்டும். வேதக் கல்வி பெற்றிருத்தல் வேண்டும். 35 வயதுக்கு மேல் 70 வயதுக்குள் இருத்தல் வேண்டும். அவ்வூர் சதுர்வேதிமங்கலம். அந்த நிலத்தில் ஏர் பிடித்தவனுக்கும் நாற்று நட்டவளுக்கும் அக்குடத்தில் ஓலை இல்லை.

முப்பது பிள்ளைகளும் கணினியைப் பயன்படுத்தினர். எவரும் வரலாறு கற்கவில்லை. குற்றம் அவர்களுடையதன்று, பணித்த நம்முடையது. "தேடி எழுது" என்று சொன்னோமே தவிர, "எதைக் கேட்டுத் தேடுவது" என்று சொல்லித் தரவில்லை. வினா இல்லாதவன் கையில் கணினி படியெடுக்கும் கருவியாகவே நின்றுவிடும் என்பதை அன்று உணர்ந்தோம்.

ஒரு மாணவியின் வினா

அதன்பின் வழியை மாற்றினோம். பாலாற்றைக் கடந்து எதிர்க்கரையில் உள்ள திருமுக்கூடலுக்குப் பிள்ளைகளை அழைத்துச் சென்றோம். பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் அவ்விடத்துப் பெருமாள் கோயிலில், 1063 முதல் 1070 வரை ஆண்ட வீரராசேந்திர சோழனின் புகழ்பெற்ற கல்வெட்டு உள்ளது. அதில் 'வீரசோழன்' என்னும் பெயருடைய மருத்துவச்சாலை கூறப்படுகின்றது. 15 படுக்கைகள், மருத்துவர் ஒருவர், அறுவை செய்பவர் ஒருவர், மருந்து கொணர்வோர், பணிப்பெண்கள், அவர்களுக்குரிய ஊதிய நெல், இருப்பில் வைக்கவேண்டிய மருந்துகளின் பெயர்கள் என அனைத்தும் அக்கல்லில் உள்ளன. அங்கு வேதம் பயின்ற மாணவர்களுக்கு அளித்த உணவும் எண்ணெயும்கூட விடாமல் குறிக்கப்பட்டுள்ளன.

பிள்ளைகள் வியந்து நின்றனர். அப்போது நம் தெருவைச் சேர்ந்த மாணவி ஒருத்தி கேட்டாள்: "ஐயா, இந்தக் கல்லில் எங்கள் தெரு இருக்கிறதா?"

நம்மால் உடனே விடை கூற இயலவில்லை. அன்றிரவு நூல்களைப் புரட்டினோம். மறுநாள் வகுப்பில் சொன்னோம்: "இந்தக் கல்லில் மருந்தின் பெயர் இருக்கிறது, நம்மவர் பெயர் இல்லையம்மா. வேறு கற்களில் நம் தெரு உண்டு." முதலாம் இராசராசன் தஞ்சைப் பெருவுடையார் கோயிலுக்கு அளித்த ஊர்களைப் பற்றிய கல்வெட்டுகளில், வரி நீக்கிய நிலங்களின் வரிசையில், ஊர் நத்தம், குளம், சுடுகாடு ஆகியவற்றோடு பறைச்சேரியும் தீண்டாச்சேரியும் இடம்பெறுகின்றன. நம் தெரு நிலக்கணக்கில் இருந்தது. ஆயின் அத்தெருவில் வாழ்ந்தவர் எதை உண்டனர், எவ்வளவு கூலி பெற்றனர், நோயுற்றால் எங்குச் சென்றனர் என்பதை அக்கணக்கு கூறவில்லை.

அம்மாணவியின் வினாவே இன்றைய நம் உரையின் பொருள். கல்லில் எழுதும் அதிகாரம் அன்று அரசனுக்கும் கோயிலுக்கும் சபைக்கும் இருந்தது. அச்சகம் வைக்கப் பணம் வேண்டும். கணினியில் ஒரு பக்கம் எழுதுவதற்கு அரசு உயர்தொழில்நுட்ப ஆய்வகத்தில் உள்ள ஒரு மேசையும், ஓர் ஆசிரியரின் துணையும், உண்மையைத் தேடும் உழைப்பும் போதும். இந்த வாய்ப்பு நம் முன்னோர் எவருக்கும் கிட்டவில்லை.

முன்னோர் பட்ட பாடு

இளைஞர்களே, எழுதுவதன் அருமையை நம் தலைவர்கள் நன்கு அறிந்திருந்தனர். அன்றைய செங்கற்பட்டு மாவட்டத்தில் மதுராந்தகத்தை அடுத்த கோழியாளத்தில் 1859-இல் பிறந்த தாத்தா இரட்டைமலை சீனிவாசன், இழிவாகக் கருதப்பட்ட பெயரையே தலைப்பாகச் சூட்டி 1893-இல் 'பறையன்' இதழைத் தொடங்கினார். பண்டிதர் அயோத்திதாசர் 1907-இல் 'ஒரு பைசாத் தமிழன்' இதழைத் தொடங்கி, 1914-இல் மறையும்வரை எழுதிக் குவித்தார். அண்ணல் அம்பேத்கர் 1920-இல் தொடங்கிய மராத்தி இதழுக்கு 'மூக்நாயக்' என்று பெயர். ஊமைகளின் தலைவன் என்பது அதன் பொருள்.

எழுதியதோடு அவர்கள் பணி முடிந்தது. காத்தல் நம் பணியாயிற்று. அதில் நாம் தவறினோம். அயோத்திதாசரின் எழுத்துகள் ஞான. அலாய்சியஸ் அவர்களால் தொகுக்கப்பட்டு, பாளையங்கோட்டையிலிருந்து நூல் தொகுதிகளாக வெளிவரத் தொடங்கியது 1999-இல்தான். இடையில் 85 ஆண்டுகள்! அந்த 85 ஆண்டுகளில் பிறந்து, பயின்று, பட்டம் பெற்ற நம் பிள்ளைகளில் எத்தனை பேர் அவர் பெயரையேனும் கேட்டிருப்பர்? எழுதாமை ஓர் இழப்பு. எழுதியதைக் காவாமை மற்றோர் இழப்பு.

வகுப்பறையில் செய்யத்தக்கவை

இனி நடைமுறைக்கு வருவோம். மூன்று பணிகளை நாம் முன்வைக்கிறோம்.

முதலாவது, பள்ளியின் சேர்க்கைப் பதிவேடு. எல்லா அரசுப் பள்ளியின் பீரோவிலும் உள்ள இப்பதிவேடு ஒரு வரலாற்று ஆவணம் என்பதை நம்மில் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. தலைமையாசிரியர் இசைவுடன், பெயர்களை விடுத்து எண்ணிக்கையை மட்டும் எடுத்துக் கணினியில் அட்டவணையாக்கலாம். ஒவ்வோர் ஆண்டும் நம் தெருவிலிருந்து முதல் வகுப்பில் சேர்ந்தவர் எத்தனை பேர்? அவர்களுள் ஐந்தாம் வகுப்பை எட்டியவர் எத்தனை பேர்? பெண்கள் எத்தனை பேர்? காமராசர் ஆட்சியில் மதிய உணவுத் திட்டம் விரிந்ததும், 1982-இல் சத்துணவுத் திட்டம் வந்ததும் பாடநூலில் ஒருவரிச் செய்தி. அவ்வாண்டுகளுக்குப் பின் நம் பள்ளியின் கோடு உயர்ந்ததா, இல்லையா என்பதை வரைபடம் காட்டும். அப்போது அந்த ஒரு வரி, பிள்ளையின் பாட்டனையும் தந்தையையும் பற்றிய செய்தியாகிவிடும். ஏட்டில் ஒரு மாதம் ஆகும் கணக்கைக் கணினி ஒரு நொடியில் முடிக்கும். மிஞ்சும் நேரத்தில் "ஏன்?" என்று கேட்கலாம்.

இரண்டாவது, முதியோர் வாய்மொழி. படியாளாக இருந்த வாழ்க்கையை அறிந்த முதியோர் இன்னும் சிலரே நம்மிடையே உள்ளனர். கூலி எந்த அளவையால் அளக்கப்பட்டது, எந்தக் கிணற்றில் நீர் எடுக்க முடிந்தது, எந்த வழியில் செருப்பணிந்து நடக்க முடிந்தது, தெருவுக்கு மின்விளக்கு எப்போது வந்தது என்று கைப்பேசியில் பதிவு செய்யலாம். ஆண்டு தெரியாது என்பர், கவலை வேண்டா. "அண்ணா இறந்ததற்கு முன்பா, பின்பா?" என்று கேட்டால் 1969-ஐ ஒட்டி நிற்கலாம். "எம்.ஜி.ஆர். இறந்தபோது உங்கள் மூத்த மகனுக்கு என்ன வயது?" என்று கேட்டால் 1987-இலிருந்து எண்ணிக்கொள்ளலாம். ஒருவர் சொன்னதை மற்றொருவரிடம் ஒத்துப்பார்க்க வேண்டும். முரண்பட்டால் இரண்டையும் எழுதவேண்டும். சொன்னவரின் இசைவின்றி அவர் பெயரையோ படத்தையோ வெளியிடலாகாது.

மூன்றாவது, நிலம். இதை நாம் சற்று விரித்துரைக்க வேண்டியுள்ளது. 1891-இல் செங்கற்பட்டு மாவட்ட ஆட்சியராக இருந்த திரமென்ஹீர் என்னும் ஆங்கிலேயர், இம்மாவட்டத்துப் பறையர் நிலை குறித்து விரிவானதோர் அறிக்கையை அரசுக்கு அளித்தார். நிலமின்மையே அடிமைத்தனத்தின் வேர் என்பதை அவ்வறிக்கை எடுத்துக் காட்டியது. அதன் விளைவாக 1892 செப்டம்பர் 30 அன்று அரசாணை பிறந்தது; ஒடுக்கப்பட்ட மக்களுக்கு நிலம் ஒதுக்கப்பட்டது. அதுவே பஞ்சமி நிலம். பிறர் கைக்கு மாறலாகாது என்ற நிபந்தனையோடு அளிக்கப்பட்ட அந்நிலங்களில் பெரும்பகுதி பின்னர் பிறர் கைக்கு மாறியது. அதை மீட்கும் போராட்டத்தில் 1994 அக்டோபர் 10 அன்று செங்கற்பட்டில் காவல்துறையின் துப்பாக்கிச் சூட்டுக்கு ஜான் தாமஸ், ஏழுமலை என்னும் இரு இளைஞர்கள் பலியாயினர். தமிழ்நாட்டு நிலவுரிமை வரலாற்றின் இப்பெரும் பகுதி நம் மாவட்டத்து அறிக்கையில் தொடங்கியது என்பதை நம் பிள்ளைகள் அறிய வேண்டாவா?

இன்று பட்டா, சிட்டா, 'அ' பதிவேடு விவரங்களை அரசின் இணையச் சேவையிலேயே பார்வையிடலாம். பழைய பதிவேடுகளுக்கு வட்டாட்சியர் அலுவலகத்தையும் சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தையும் நாடலாம். 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டமும் துணை நிற்கும். ஆயின் ஓர் எச்சரிக்கை. அறிக்கையும் அரசாணையும் பிள்ளைகளின் பாடம். நிலத்தின் உரிமை பற்றிய வழக்கு பெரியோரின் பணி. பள்ளிப் பிள்ளைகளை அத்தகராறில் முன்னிறுத்துதல் தகாது. அந்தப் பொறுப்பைச் சங்கம் ஏற்க வேண்டும்.

பக்கம் உருவாக்கும் முறை

இணையப் பக்கம் என்றதும் மலைக்க வேண்டா. அடிப்படையில் அஃது ஓர் எழுத்துக் கோப்பு. எது தலைப்பு, எது பத்தி, எங்குப் படம் என்பதைச் சில குறிகளால் கணினிக்கு உணர்த்துகிறோம். அக்கோப்பு இணைய இணைப்பு இல்லாமலேயே பள்ளிக் கணினியில் திறக்கும். ஆகவே முதலாண்டு முழுவதும் பள்ளிக்குள்ளேயே வைத்துத் திருத்திக்கொண்டு, செம்மையான பின்னர் வெளியிடலாம். எழுத்துருவில் ஒரு கவனம் தேவை. முற்காலத்தில் ஒரு நிறுவனத்தின் எழுத்துருவில் அடித்தது மற்றொரு கணினியில் புரியாத குறிகளாகத் தெரிந்தது. இன்று யூனிகோடு முறையில் அடித்தால் எங்கும் தமிழாகவே தெரியும். 1999-இல் அரசு ஏற்ற தமிழ்99 விசைப்பலகையை ஒரு பிள்ளை சில வாரங்களில் பழகிவிடலாம்.

தமிழ் விக்கிப்பீடியாவிலும் எழுதலாம். 2003-இல் தொடங்கிய அக்கலைக்களஞ்சியத்தில் எழுதுவதற்கு, 2017-இல் பள்ளிக் கல்வித் துறையே ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தது. ஆயின் அங்கு நம்பத்தகுந்த வெளியீடுகளில் வந்த சான்றுள்ள செய்திக்கே இடமுண்டு. திருமுக்கூடல் கல்வெட்டைப் பற்றி எழுதலாம். நம் பாட்டியின் நினைவை எழுத இயலாது. அது நியாயமான விதியே. ஆனால் எழுத்துச் சான்று இல்லாமல் வைக்கப்பட்ட மக்களுக்கு அவ்விதி ஒரு கதவடைப்பாகவும் முடியக்கூடும். ஆகவே நமக்கென ஒரு பக்கம் வேண்டும். முதலில் அங்கு எழுதுவோம், தொகுத்து அச்சிடுவோம், நாளை அதுவே பிறர் எடுத்துக்காட்டும் சான்றாகும்.

அதற்குத் தகுதி வேண்டுமானால், ஒவ்வொரு செய்தியின் கீழும் அஃது எங்கிருந்து கிடைத்தது என்று எழுதவேண்டும். உத்திரமேரூர்க் கல்வெட்டு, கணக்குக் காட்டாதவருக்கு வாரியத்தில் இடமில்லை என்கிறது. அவ்விதியை நாமும் ஏற்போம். நமக்கு ஆகாதவரைப் பற்றியாயினும் பொய் எழுதலாகாது. நம் பெருமையைப் பற்றியாயினும் மிகை எழுதலாகாது. ஒரு பொய் கலந்தாலும் நம் உண்மைகள் ஐயத்துக்கு உள்ளாகும்.

இங்கிலாந்து தரும் பாடம்

இறுதியாக ஒரு செய்தி. 1086-இல் இங்கிலாந்து மன்னன் வில்லியம் தன் நாட்டு நிலங்களைக் கணக்கெடுத்து 'டூம்ஸ்டே' என்னும் ஏட்டை உருவாக்கினான். அதன் 900-ஆம் ஆண்டு நிறைவையொட்டி, 1986-இல் பி.பி.சி. நிறுவனம் பள்ளிப் பிள்ளைகளைக் கொண்டே தத்தம் ஊர்களைப் பற்றிக் கணினியில் எழுதச் செய்தது. பத்து இலட்சம் பேருக்கு மேல் பங்கேற்றனர். வரலாற்றுப் பாடத்தில் கணினியைப் பயன்படுத்திய மிகப்பெரும் முயற்சிகளுள் அஃது ஒன்று. ஆயின் அவற்றைப் பதித்த வட்டுகளைப் படிக்கும் கருவிகள் 15 ஆண்டுகளில் வழக்கொழிந்தன. 900 ஆண்டு ஏட்டைப் படிக்க முடிந்தது. 15 ஆண்டு வட்டைப் படிக்க முடியவில்லை! அரிதின் முயன்று மீட்டு, 2011-இல் இணையத்தில் இட்டனர்.

கணினியை நம்பலாம், கணினியை மட்டும் நம்பலாகாது. நம் பிள்ளைகள் எழுதும் ஒவ்வொரு பக்கத்தையும் தாளில் அச்சிட்டு, ஒரு படி பள்ளி நூலகத்திலும் ஒரு படி சங்க அலுவலகத்திலும் வைக்கவேண்டும். அயோத்திதாசரின் எழுத்துக்கு நேர்ந்தது நம் பிள்ளைகளின் எழுத்துக்கு நேரலாகாது.

சங்கத்திற்கு நம் வேண்டுகோள்

சங்கத்தின் நிருவாகிகளிடம் நாம் கேட்பது மிகுதியன்று. வெள்ளிவிழா ஆண்டின் நினைவாக, மாலை நேரத்தில் பிள்ளைகள் அமர்ந்து எழுத ஒரு கணினியும் ஓர் அச்சுப்பொறியும் சங்கக் கட்டடத்தில் வைத்துத் தாருங்கள். 2011 முதல் அரசு அளித்த மடிக்கணினி சில வீடுகளில் பரணில் உறங்குகின்றது. அதைத் துடைத்து எடுத்து வாருங்கள். கல்லூரி பயிலும் இளைஞர்கள் வாரம் ஒருநாள் வந்து தட்டச்சுக் கற்றுக் கொடுங்கள். பெரியோர்களே, பிள்ளைகள் வந்து கேட்டால், "அதெல்லாம் எதற்கப்பா, போனது போகட்டும்" என்று சொல்லிவிடாதீர்கள். நீங்கள் பட்டது வெட்கப்படத்தக்கதன்று. செய்தவரே வெட்கப்பட வேண்டியது. சொல்லுங்கள், அவர்கள் எழுதிக்கொள்ளட்டும்.

மாட்டுப் பொங்கலன்று காஞ்சி வரதராசப் பெருமாள் நம் ஊர் மலைக்கு எழுந்தருளுவதைக் காண ஆயிரக்கணக்கானோர் ஆண்டுதோறும் வருகின்றனர். பழையசீவரம் என்று இணையத்தில் தேடுவோர்க்கு இன்று அவ்விழாவும் கோயிலும் கிடைக்கின்றன. கிடைக்கட்டும், அவையும் நம் ஊரின் வரலாறே. அவற்றோடு நம் தெருவும், நம் முதியோர் சொன்ன சொல்லும், நம் பிள்ளைகள் பள்ளிக்கு வந்த கணக்கும் கிடைக்க வேண்டும்.

அன்று கோயில் சுவரருகே நின்று வினவிய மாணவி இப்போது கல்லூரியில் வரலாறு பயில்கின்றாள். பள்ளிக் கணினியில் உள்ள முதல் பக்கம் அவள் எழுதியது. தன் பாட்டியிடம் கேட்ட கூலிக்கணக்கு அதில் உள்ளது. இன்னும் பல பக்கங்கள் வெறுமையாக உள்ளன. அவற்றை நிரப்ப இந்த அவையிலிருந்து எத்தனை பேர் வருவீர்கள் என்று கேட்டு அமைகிறோம்.

வாழ்க கல்வி! வளர்க நம் சங்கம்!